‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் யார் சொன்னது, எதற்காகச் சொன்னது?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ பாடமாக இருக்கிறது. நான்கு வரி கொடுத்து இடஞ்சுட்டிப் பொருள் விளக்கச் சொன்னால், யார் பேசியது என்பதிலேயே குழம்பிவிடுகிறேன். காசியஸும் புரூட்டஸும் ஒரே மாதிரி பேசுவதுபோல் இருக்கிறது. யார் எதற்காகச் சீசரைக் கொல்லத் துணிந்தார்கள் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானதுதான். இந்த நாடகத்தில் சதிகாரர்கள் எல்லோரும் வெளியே சொல்லும் காரணம் ஒன்றே: ரோமின் சுதந்திரம். அதனால் பேச்சின் பொருளை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வரி யாரிடம் சொல்லப்படுகிறது, கேட்பவனிடமிருந்து சொல்பவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் பாருங்கள். அப்புறம் அதே ஆள் தனியாக இருக்கும்போது என்ன பேசுகிறான் என்று தேடிப் படியுங்கள்.

முதல் அங்கம், இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். சதியைத் தொடங்கிவைக்கும் காசியஸ், சீசரின் நண்பனான புரூட்டஸிடம் நிறையப் பேசுகிறான். டைபர் ஆற்றில் நீந்தும்போது சீசர் மூழ்கப்போய்த் தன்னைக் கூப்பிட்டதைச் சொல்கிறான். ஸ்பெயினில் காய்ச்சல் வந்து நடுங்கியதைச் சொல்கிறான். சீசர் மக்களுக்கு என்ன கெடுதல் செய்தான் என்பதற்கு இதில் எங்கே ஆதாரம்? ‘நம்மைப் போன்ற ஒருவனுக்கு நாம் ஏன் தலைவணங்க வேண்டும்’ என்ற எரிச்சல்தான் பேச்சு முழுக்க. புரூட்டஸுக்குக் குலப்பெருமை உண்டு என்பது காசியஸுக்குத் தெரியும். அரசர்களை ரோமிலிருந்து விரட்டிய மூதாதையின் பெயரைச் சரியான நேரத்தில் இழுக்கிறான். புரூட்டஸ் போனதும் தனியே என்ன சொல்கிறான்? இவ்வளவு நல்லவனையும் வளைக்க முடிகிறதே என்கிறான். குடிமக்கள் பலர் எழுதியதுபோல வெவ்வேறு கையெழுத்தில் கடிதங்கள் தயாரித்து இன்றிரவே புரூட்டஸின் ஜன்னல் வழியே எறியப்போவதாகச் சொல்கிறான். இந்தத் தனிமொழியைப் படித்துவிட்டு முந்தைய உரையாடலை மறுபடி படித்தால், ஒவ்வொரு வரியும் எதற்காகப் போடப்பட்டது என்று தெரியும்.

புரூட்டஸின் மனத்தை அறிய இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சிதான் திறவுகோல். நாடகத்திலேயே மிக முக்கியமான பகுதி இது என்பது என் கருத்து. இரவு, வீட்டுத் தோட்டம், கேட்க யாரும் இல்லை. சீசர் சாகத்தான் வேண்டும் என்ற முடிவோடுதான் பேச்சே தொடங்குகிறது. காரணங்களை அதற்குப் பிறகுதான் தேடுகிறான். தனக்குச் சொந்தப் பகை கிடையாது என்கிறான். சீசர் இதுவரை உணர்ச்சிக்கு அடிமையாகி அறிவை இழந்ததில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். பிறகு ஏன் கொலை? முடிசூட்டினால் மாறிவிடலாம், ஆகவே பாம்பை முட்டையிலேயே நசுக்கிவிட வேண்டும். ‘ஆகலாம்’ என்பதை நம்பி ஓர் உயிரை எடுக்கத் துணிகிறான். காசியஸ் பிறரை ஏமாற்றுகிறான். புரூட்டஸ் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இருவர் குரலும் உங்களுக்கு ஒன்றாகக் கேட்காது.

இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஓர் அருமையான இடம் மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. கொலை முடிந்து சீசரின் நண்பன் ஆண்டனி வருகிறான். புதிய பதவிகளைப் பங்கிடும்போது உன் குரலுக்கும் சம மதிப்பு உண்டு என்கிறான் காசியஸ். மக்களை அமைதிப்படுத்திவிட்டு வருகிறோம், சீசரை நேசித்த நானே ஏன் குத்தினேன் என்று விளக்குகிறேன் என்கிறான் புரூட்டஸ். ஒரே ஆளிடம், அடுத்தடுத்த வரிகளில், ஒருவன் பதவியைப் பேசுகிறான், மற்றவன் நியாயத்தைப் பேசுகிறான்.

ஆண்டனிக்கும் இதே சோதனை பொருந்தும். கொலையாளிகளோடு ரத்தக் கையைக் குலுக்குகிறான். அவர்கள் போனதும் சடலத்திடம் மன்னிப்புக் கேட்டு, இத்தாலி முழுக்கப் போர் மூளும் என்று முன்னறிவிக்கிறான். அந்தத் துக்கம் உண்மையானது, ஏனென்றால் அங்கே ஏமாற்றுவதற்கு ஆளே இல்லை. மக்கள் முன்னால் வரும்போது துக்கத்தோடு தந்திரமும் சேர்கிறது. சீசரின் மேலங்கியைக் காட்டி, இது காசியஸ் குத்தியது, இது காஸ்கா குத்தியது என்கிறானே, கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் முன்பே அவனை வெளியே அழைத்துப் போய்விட்டான். சீசரின் உயிலில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 75 டிராக்மா (வெள்ளி நாணயம்) இருப்பதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கொதிக்க வைக்கிறான். நான்காம் அங்கத்தின் முதல் காட்சியில் அதே உயிலைக் கொண்டுவரச் சொல்கிறான், கொடுக்க வேண்டியதில் எதையெல்லாம் குறைக்கலாம் என்று பார்க்க! அந்தப் புகழ்பெற்ற உரையைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

வரியின் வடிவமும் கைகொடுக்கும். மக்களிடம் புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ஆண்டனி செய்யுளில் பேசுகிறான். சீசர் மூன்று முறை மகுடத்தை மறுத்த கதையைக் காஸ்கா சொல்வது உரைநடை. புயலில் நடுங்கிக்கொண்டு வரும்போது அவனே செய்யுளில் பேசுவான். பெயர்களிலும் கவனம் தேவை. சின்னா இரண்டு பேர்: ஒருவன் சதிகாரன், இன்னொருவன் கூட்டத்திடம் சிக்கிய அப்பாவிக் கவிஞன். சீசரின் மனைவி கல்பூர்னியாவின் கனவுக்கு நல்ல பலன் சொல்லிச் சீசரைச் செனட்டுக்கு அழைத்துப்போகிறவன் டீசியஸ் என்ற சதிகாரன்.

கடைசியாக, முடிவில் வரும் ஆண்டனியின் பாராட்டு. மற்ற எல்லோரும் பொறாமையால் செய்தார்கள், புரூட்டஸ் மட்டுமே பொதுநலத்துக்காகச் செய்தான் என்கிறான். பல மாணவர்கள் இதை ஷேக்ஸ்பியரே வழங்கிய தீர்ப்புபோல எழுதிவிடுகிறார்கள். புரூட்டஸ் இறந்துவிட்டான், அவனைப் புகழ்வதால் ஆண்டனிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவன் ஆக்டேவியஸ், போரில் ஆண்டனியின் கூட்டாளி. இன்றைய வெற்றிப் பெருமையைப் பங்கிட்டுக்கொள்ளப் போவோம் என்று அவன்தான் நாடகத்தை முடித்துவைக்கிறான். ஆகவே அந்த வரிகள் வந்தால், ‘இது ஆண்டனியின் கருத்து’ என்று எழுதிவிட்டு, எந்தச் சூழலில், யார் முன்னால் சொன்னான் என்பதையும் இரண்டு வரியில் சேருங்கள்.