கல்லூரி மாணவர்கள் துரித உணவையே நாடுவது ஏன்?

நாகர்கோவிலில் படிக்கும் உங்கள் தம்பி மாலைதோறும் ஃபிரைட் ரைஸ், ஷவர்மா என்றே சாப்பிடுகிறான், ருசிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ருசியைவிட நேரம்தான் பெரிய காரணம் என்பேன்.

குளச்சலிலிருந்தோ அருமனையிலிருந்தோ வரும் மாணவர் காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் புட்டும் பயறும் பப்படமும் தட்டிலேயே மிஞ்சிவிடுகின்றன. மதியமும் அரைவயிறு. மாலையில் வடசேரி பேருந்து நிலையத்துக்கு வரும்போது பசி கிள்ளுகிறது. இரும்புச் சட்டியில் கரண்டி தட்டும் சத்தமும், சூட்டில் சோயா சாஸ் பொரியும் மணமும் ஆளை இழுத்துவிடும். நான்கு பேர் காசு சேர்த்து ஒரே தட்டைச் சுற்றி நிற்கும் தோழமையும் அதில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அன்றாடப் பழக்கமாவதுதான் கவலை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சாஸ் ஊற்றிக் கிளறிய ஒரு தட்டே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். நார்ச்சத்தோ மிகக் குறைவு. ஷவர்மாவில் தடவும் மயோனைஸை இன்னும் கவனியுங்கள்: பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், அதில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது.

தம்பியைத் திட்டாதீர்கள். பையில் இரண்டு மட்டி வாழைப்பழமும் ஒரு பிடி வறுகடலையும் வைத்தனுப்புங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டப் பழம் மட்டி. நான்கு மணிக்கு அதைச் சாப்பிட்டால் வடசேரியில் பசி அவனை விரட்டாது.