சிஸ்டரிடம் கேளுங்கள்: 18,000 ரூபாயில் ஓர் அரசு வேலை

கேள்வி: என் மகள் பி.எஸ்.சி. நர்சிங் முடித்து, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் தேறி, ஒப்பந்த செவிலியராகச் சேரப்போகிறாள். தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய். ‘கவர்ன்மென்ட் உத்தியோகம், கண்ணை மூடிக்கிட்டு சேரு’ என்கிறார் என் மாமனார். கல்விக் கடனே இன்னும் மூன்று லட்சம் பாக்கி. வளைகுடாவுக்கு அனுப்புவதாக ஓர் ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். அரசு மருத்துவத் துறைச் சம்பளத்தில் ஒரு பெண் பிழைக்க முடியுமா, சிஸ்டர்?
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, 18,000 போதாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மாமனார் மனதில் இருப்பது என் காலத்து அரசு வேலை. நான் 1986-ல் அரசு நர்சிங் பள்ளியில் பயிற்சி முடித்த கையோடு காலமுறை ஊதியத்தில் சேர்ந்தவள். வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட், விலைவாசி ஏற ஏற அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. அந்தச் சம்பளத்தில்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தேன், வீடு கட்டினேன். இன்று பென்ஷனில் மருந்து வாங்குகிறேன். நிரந்தரப் பணியில் இருக்கும் நர்ஸுக்கு இன்றும் சம்பளம் கௌரவமாகவே இருக்கிறது. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை என்பது வேறு விஷயம்.

தொகுப்பூதியம் என்றால் படி கிடையாது, இன்கிரிமென்ட் கிடையாது. 2015-ல் எம்.ஆர்.பி. மூலம் ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்த பிள்ளைகள், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. 7,700 பிறகு 14,000 ஆகி, 18,000 ஆனது. எதுவும் தானாக ஏறவில்லை, கேட்டுக் கேட்டு ஏறியது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். நான் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்த கடைசி வருஷங்களில் ஒன்று. பிரசவம் முடிந்த ஒரு தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ட்யூட்டி டாக்டர் அடுத்த டேபிளில் சிசேரியனில் இருக்கிறார். ஆக்ஸிடோசின் டிரிப் ஓடுகிறது. இரண்டு நர்ஸ்களில் ஒருத்தி நிரந்தரம், இன்னொருத்தி ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இருந்த பெண்தான் வயிற்றின் மேல் கை வைத்து கருப்பையை விடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். அரைமணி நேரம். அது கல் மாதிரி இறுகியது தெரிந்த பிறகே கையை எடுத்தாள். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. காலையில் அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு, தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, “சிஸ்டர், ஒரு இருநூறு ரூபா இருக்குமா, பஸ்ஸுக்கு” என்றாள். தேதி 22. அன்றைக்கு அவளோடு நின்ற மற்ற நர்ஸுக்கு அவளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம். இரண்டு பேர் கையிலும் அதே ரத்தம்தான் இருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று 2016-ல் பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது ஒவ்வொரு வார்டுக்கும் வந்து சேர வேண்டும். வந்தே ஆக வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். வெளியூரில் இரண்டு பேராகச் சேர்ந்து ரூம் எடுத்தால் அவள் பங்கு 3,500. சாப்பாடு 4,000. பஸ் 1,500. கடன் தவணை 5,000. மிச்சம் நாலாயிரம். அதில் யூனிஃபார்ம், ரீசார்ஜ், தீபாவளி, ஒரு காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பு என்று அவளிடம் கேட்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே போஸ்டிங் கிடைத்தால் ரூம் வாடகையும் சாப்பாடும் மிச்சமாகும். கவுன்சலிங்கில் காலியிடப் பட்டியலைப் பார்த்து அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வங்கி மேலாளரை இப்போதே பார்த்து, தவணைக் காலத்தை நீட்டித்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

ஏஜென்டுக்கு இரண்டு லட்சம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே சென்னையில் இருக்கிறது, 1978 முதல். அங்கே பதிந்து வைக்கட்டும். வளைகுடா மருத்துவமனைகள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கும். படுக்கை வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் பார்த்த அனுபவத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

அவளுக்கு இந்த வேலையில் மனசு இருந்தால் சேரட்டும். சேரும் நாளில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக் கொடுங்கள். பணி ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, எம்.ஆர்.பி. தரவரிசை எண், ஒவ்வொரு மாற்றல் ஆணை, எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் அதில் இருக்க வேண்டும். காலியிடம் வர வர பணிமூப்பு வரிசைப்படிதான் நிரந்தரம் ஆக்குகிறார்கள். ஒரு தாள் காணாமல் போய், தன்னைவிட இளையவளுக்குப் பின்னால் நின்ற பெண்ணை எனக்குத் தெரியும்.