சுவருக்கு எத்தனை கறுப்பு?

அன்புள்ள ஐயா,
செட்டிநாட்டுப் பழைய வீடுகளை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். மங்கிய நிறங்கள்தான் பிடிக்கும். ஆனால் என் சுவர்கள் பழையவையாகத் தெரியாமல் அழுக்காகத் தெரிகின்றன. கறுப்பு எவ்வளவு கலப்பது? புகைப்படம் பார்த்து வரைவது தவறா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

படங்களைப் பார்த்தேன். திண்ணைத் தூணின் நிழல் ஒன்றே போதும், உங்களுக்குக் கை வந்துவிட்டது என்று சொல்ல. அதனால்தான் கோபமும் வருகிறது.

புகைப்படத்தில் பாவம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் மோரிஸ் உத்ரியோ பாரிஸின் மோன்மார்த்ர் தெருக்களை அஞ்சலட்டை பார்த்தே நிறைய வரைந்தார். கறுப்புக் குழாயை மூடி வையுங்கள். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு, கொஞ்சம் வெள்ளை. வேண்டிய சாம்பலெல்லாம் அதிலேயே கிடைக்கும்.

ஆனால் சுவர் முழுக்க ஒரே சீராக மூப்பைப் பூசியிருக்கிறீர்களே, எந்த வீடு அப்படிக் கிழடாகிறது? சுவரைக் கெடுப்பது தண்ணீர். அது எங்கே விழுந்து எந்த வழியாக இறங்கியது என்று பார்த்தீர்களா? கூரை இறக்கத்துக்கு அடியில் சுவர் நனையாது. பழைய பூச்சு அங்கே பிழைத்திருக்கும். சன்னல் விளிம்பின் முனைகளிலிருந்து பாசி கறுத்து இறங்கும். அடிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். உள்ளே வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதி, அதன் சுவரையும் மங்கலாக்கிவிட்டீர்கள்! முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பூச்சு அது. இன்றும் வழவழவென்று மின்னுகிறது.

எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவர் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, வடிகட்டி, சிட்டிகை நீலம் போடுவார். தாழ்வாரத்து மூலையில் மட்டும் மட்டையை வைக்கத் தயங்குவார். “இங்கே உப்பு குடியிருக்கிறது, நிற்காது” என்பார். அப்பா கேட்கமாட்டார். சித்திரைக்குள் அது செதிள் செதிளாக உரியும். அடியில் அக்காள் கல்யாணத்துக்கு அடித்த மஞ்சள். அதற்கும் அடியில் ஒரு பச்சை, யார் காலத்தது என்று பாட்டிக்கே தெரியாது.

உங்கள் சுவரில் காரை பெயர்ந்த இடத்திலும் அதே பழுப்புதான் இருக்கிறது. அந்த மஞ்சளையும் பச்சையையும் முதலில் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். மங்கல் பிறகு வரட்டும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, மிகுந்தது மேலே. மாற்றிப் பூசினால் உங்கள் கான்வாஸே எங்கள் தாழ்வாரமாகிவிடும்.

அடுத்த படத்தை அனுப்பும்போது, வீட்டின் முகப்பு எந்தத் திசை, மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் நான் படத்தைத் திறக்கப்போவதில்லை.