டாக்டர் திரையைப் பார்க்கட்டும், நீங்கள் நோயாளியின் முகத்தைப் பாருங்கள்

கேள்வி: பி.எஸ்சி. ரேடியாலஜி இமேஜிங் மூன்றாம் ஆண்டு மாணவி நான். இப்போது அல்ட்ராசவுண்ட் அறையில் போஸ்டிங். மெஷினைப் பற்றி நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நோயாளிகளை எப்படிக் கவனித்துக்கொள்வது என்றுதான் யாரும் தனியாகச் சொல்வதில்லை. போன வாரம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஸ்கேன் நடக்கும்போதே கண்ணைக் கட்டுகிறது என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. "உள்ளே என்னம்மா தெரியுது?" என்று கேட்பவர்களிடமும் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறேன்.

பதில்: தமிழ்நாட்டில் பெரும்பாலும் புரோபை, அதாவது உடம்பில் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியை, பிடிப்பவர் டாக்டர்தான். அவர் கண் திரையில் இருக்கும். அறையில் விளக்கும் மங்கலாக இருக்கும். அந்த நேரத்தில் நோயாளியின் முகத்தைத் தொடர்ந்து பார்க்கக்கூடிய ஆள் பக்கத்தில் நிற்கும் நீங்கள் மட்டும்தான். நோயாளி கவனிப்பில் முதலில் பழக வேண்டியது இந்தப் பார்வை.

அந்தக் கர்ப்பிணியின் விஷயத்துக்கு வருவோம். ஏறக்குறைய 20 வாரத்துக்கு மேல் ஒரு பெண் மல்லாந்து படுத்தால், கனத்த கர்ப்பப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் இன்ஃபீரியர் வீனா கேவா என்ற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், பிபி இறங்கும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்கள் "படபடன்னு வருது", "குமட்டுது", "மூச்சு முட்டுது" என்பார்கள். சிலர் டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசாமலே படுத்திருப்பார்கள். அவர்கள் முகம் வெளுப்பதும் மேலுதட்டில் வேர்ப்பதும் முதலில் உங்கள் கண்ணில் பட வேண்டும். பட்டவுடன் டாக்டரிடம் சொல்லி, அந்தப் பெண்ணை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காரணம் இந்த அழுத்தம்தான் என்றால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். தெளியவில்லை என்றால் நர்ஸைக் கூப்பிட்டு நாடி, பிபி பார்க்க வேண்டும், தனியாக விட்டுவிட்டு ஓடக் கூடாது. அடுத்த முறை முன்கூட்டியே வலது இடுப்புக்கு அடியில் ஒரு சின்னத் தலையணையோ சுருட்டிய போர்வையோ வைத்து, உடம்பு சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும்படி செய்யுங்கள். ஸ்கேன் முடிந்ததும் ஜெல்லைத் துடைத்து, எழுப்பி உட்கார வைத்து, கொஞ்சம் பொறுத்து, கையைப் பிடித்து இறக்குங்கள். தரையில் சிந்திய ஜெல்லில் வழுக்கி விழ ஒரு விநாடி போதும்.

மயக்கத்துக்கு இன்னொரு பெரிய காரணம் பட்டினி. வயிற்று ஸ்கேனுக்கு 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறோம். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், குடலில் காற்றும் சேரும். சரி, ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவர் காலையில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பதினோரு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்? வரிசையில் இருப்பவர்களிடம் "சுகர் இருக்கா, காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று நீங்களே போய்க் கேளுங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லி முதலில் உள்ளே அனுப்பப் பாருங்கள். கை நடுங்கி, வேர்த்து, பேச்சு குழறினால் உடனே நர்ஸிடம் சொல்லி ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். ஸ்கேன் தள்ளிப்போனால் போகட்டும்.

அடிவயிற்று ஸ்கேனுக்கு நிலைமை நேர்மாறு. சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் குடல் ஒதுங்கி கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். அதற்காகச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம். இதை எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடாதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் தண்ணீர் அளவு கட்டுப்பாடு இருக்கும், டாக்டரைக் கேட்காமல் சொல்லக் கூடாது. அடக்க முடியாமல் தவிக்கும் பெண்ணை "இன்னும் நிறையணும்" என்று உட்கார வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அளவுக்கு மீறி நிரம்பினாலும் படம் கெடும். டாக்டரிடம் சொல்லி, கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்லலாம்.

வலியையும் கவனியுங்கள். பித்தப்பையின் மேல் புரோபை அழுத்தும்போது நோயாளி சட்டென்று முகம் சுளிப்பது டாக்டருக்கு ஒரு முக்கியமான தகவல். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் வயதானவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்கள். டாக்டர் திரையில் படத்தை நிறுத்தியதும் "விட்டுருங்க பாட்டி" என்று சொல்வதை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"என்ன தெரியுது?" என்ற கேள்விக்கு மாணவர்கள் சமாளிப்பதற்காக "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். குழந்தையின் இதயத் துடிப்பு தெரியவில்லை என்று பத்து நிமிடம் கழித்து டாக்டர் சொல்ல வேண்டியிருந்தால், உங்கள் வார்த்தை அந்தத் தாயை இரண்டாம் முறை அடிக்கும். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பயமுறுத்தும். "நான் இன்னும் படிச்சுட்டு இருக்கேன்கா. டாக்டர் முழுசா பார்த்துட்டு அவரே சொல்வார். நீங்க என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்களோ அவர்கிட்ட கேளுங்க" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். இது உண்மை, யாரையும் ஏமாற்றாத பதில்.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு மட்டும் இந்தப் பதிலும் வேண்டாம், "சட்டப்படி யாருமே சொல்லக் கூடாதுங்க" என்று முடித்துவிடுங்கள். கருவின் பாலினத் தேர்வுக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டம் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடுக்கிறது. ஸ்கேன் மையத்தில் தொழில்நுட்பப் பணி செய்பவர்களுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாட்டி அன்பாகக் கேட்டாலும், ஒரு சிரிப்பால்கூடப் பதில் வரக் கூடாது.

டிவிஎஸ் எனப்படும், பிறப்புறுப்பு வழியாகப் புரோபை வைத்துப் பார்க்கும் உள் ஸ்கேன் என்றால், என்ன செய்யப் போகிறார்கள் என்பதைச் சேலை தளர்த்தும் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கியாக வேண்டும். கூட்டத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கூட ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும். அது நீங்களாக இருந்தால் தலைமாட்டுப் பக்கம் நில்லுங்கள், போர்வையைத் தேவையான அளவுக்கு மட்டும் விலக்குங்கள், கதவு திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டால் அரிப்போ தடிப்போ வருமா என்று கேளுங்கள், புரோப் உறை பெரும்பாலும் லேடெக்ஸ் என்ற ரப்பர். உறை போட்டிருந்தாலும் அந்தப் புரோபுக்கு ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் உயர்நிலைக் கிருமிநீக்கம் கட்டாயம், டிஷ்யூவால் துடைத்தால் போதாது. உங்கள் அறையில் எந்தக் கரைசல், எத்தனை நிமிடம் ஊற வைக்க வேண்டும் என்பதைப் பொறுப்பாளரிடம் நாளைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.