ஆணியைத் தானே பிடுங்கிக்கொண்ட யட்சி

சென்ற இதழில் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியில் இருந்த 'பிவிட்ச்டு' என்ற பெயரைக் கண்டதும் தக்கலை முதல் பாறசாலை வரை இத்தனை பேர் கடிதம் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்தத் தொடருக்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (ஒரு வாசகி, தக்கலை): கேபிள் இணைப்பு வந்த புதிதில் இந்தி மொழிமாற்றத்தில் இத்தொடரைப் பார்த்தேன். எனக்கு அன்றும் இந்தி தெரியாது, இன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் தவறவிட்டதில்லை. இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள் அதையே கைப்பேசியில் ஆங்கிலத்தில் பார்த்துச் சிரிக்கிறாள். அறுபது ஆண்டு பழைய அமெரிக்கத் தொடரில் அப்படி என்னதான் இருக்கிறது ஐயா?

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் நின்று, போவோர் வருவோரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு, மயங்கியவர்களைப் பனை உச்சிக்குக் கொண்டுபோய், மயிரையும் நகத்தையும் மட்டும் மிச்சம் வைத்த யட்சியின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மந்திரம் கற்ற பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் இரும்பாணியை அறைந்து, சாதாரணப் பெண்ணாக்கி, காயங்குளத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். அவளும் சொன்ன வேலையையெல்லாம் செய்துகொண்டு கிடந்தாள். ஒருநாள் அந்த வீட்டு அம்மாள் அவளுக்குத் தலைவாரிவிட்டபோது விரலில் ஆணி தட்டுப்பட்டது. 'இதென்ன' என்று அவர் பிடுங்கிய கணத்தில் யட்சி மறைந்துபோனாள்.

1964 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. அலைவரிசையில் தொடங்கிய 'பிவிட்ச்டு', இந்தக் கதையை அறியாமலேயே இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் டாரின் என்ற இளைஞன் சமந்தாவை மணக்கிறான். தான் மந்திரக்காரி என்பதை முதலிரவில் அவள் சொல்கிறாள். ('சூனியக்காரி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நம் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனையோ ஏழைப் பெண்களை அடித்திருக்கிறார்கள்.) இனி மந்திரம் கூடாது, எல்லாப் பெண்களையும் போல் கையால் சமைத்து, கையால் பெருக்கி வாழ வேண்டும் என்று கணவன் கேட்டுக்கொள்கிறான். கத்தனார் ஆணியால் செய்ததை டாரின் அன்பால் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமந்தாவும் மனமாரச் சம்மதிக்கிறாள். ஆனால் வாரந்தோறும் ஏதோ ஓர் இக்கட்டு வரும். அவள் அந்த ஆணியைத் தானே பிடுங்குவாள். காரியம் முடிந்ததும் மறுபடி தானே பொருத்திக்கொள்வாள். எட்டு ஆண்டுகளில் 254 பகுதிகள் இப்படியே ஓடின. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த தொடர்களில் இரண்டாம் இடம் கிடைத்தது.

அதிகாரம் யார் கையில் என்பது பார்ப்பவருக்குத் தெரியும், சமந்தாவுக்குத் தெரியும், கணவனுக்கும் உள்ளூரத் தெரியும்; தெரியாதது போல் வீடு நடக்கிறது. இந்தச் சிரிப்புக்கு மொழி தேவையில்லை என்பதால்தான் உங்களுக்கு இந்தியும் தடையாகவில்லை. கணக்கு வழக்கு, கடன் உடன், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் மனைவி முடித்துவைத்த பிறகு, உம்மறத்தில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து 'நான் பார்த்துக்கொண்டேன்' என்று சொல்லும் கணவர்களை நாம் இருவரும் பார்த்தே வளர்ந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எல்லையோரத்தில் வாழ்பவர்கள் மற்றவர்களைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள். அலுவலகத்தில் மலையாளம், அடுக்களையில் தமிழ், அந்நியர் வந்தால் எந்தப் பேச்சு எடுபடும் என்று அரை நொடி யோசனை என்று வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். சமந்தாவின் வீட்டிலும் அதே அரை நொடி யோசனைதான் நாள்தோறும் நடக்கிறது. அவளுடைய உறவினர்கள் புகைபோக்கி வழியாகவும் சுவர் வழியாகவும் வந்து இறங்குவார்கள். அதே சமயம் வாசலில் கணவனின் முதலாளி அழைப்புமணியை அழுத்துவார்.

அந்த உறவினர்களுள் முதலிடம் சமந்தாவின் தாய், அதாவது டாரினின் மாமியார் எண்டோராவுக்குத்தான். நம் வழக்கத்தில் மாமியார் மருமகன் பெயரைச் சொல்லாதது மரியாதைக்காக. எண்டோராவோ இளக்காரத்தால் அந்தப் பெயரை அரிதாகவே நேராகச் சொல்வாள். 'டர்வுட்', 'டம்டம்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஆக்னஸ் மூர்ஹெட் என்ற பெரிய நாடக நடிகை அந்தப் பாத்திரத்தை ஏற்றிருந்தார். என் கணிப்பில், தொடர் இன்றுவரை அலுக்காமல் இருப்பதில் பாதிப் பங்கு அவருடையது. எதிர்வீட்டு கிளாடிஸ் கிராவிட்ஸ் அம்மாளையும் விட்டுவிட முடியாது. சன்னல் திரையை விலக்கி எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர் ஒருவரே. ஆனால் கணவரை அழைத்துக் காட்டுவதற்குள் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். உண்மையைக் கண்டவளுக்கே பைத்தியப் பட்டம். முதலில் அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆலிஸ் பியர்ஸ் 1966இல் புற்றுநோயால் இறந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது அவர் இறந்த பிறகே வந்தது. மந்திரத்தை மறந்துபோகும் கிளாரா அத்தையாக வந்த மரியன் லோர்னுக்கும் அதே விதிதான். கிளாரா அத்தை கதவுக் குமிழ்களைச் சேர்த்துவைப்பாள் அல்லவா? அது அந்த நடிகையின் சொந்தப் பழக்கம்.

கேள்வி (ஒரு வாசகர், களியக்காவிளை): கணினி இல்லாத காலத்தில் அந்த மாயங்களை எப்படி எடுத்தார்கள்? மந்திரம் போடும்போது சமந்தா மூக்கை அசைப்பாளே, அது எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

பதில்: வராது. ஏனெனில் சமந்தாவாக நடித்த எலிசபெத் மாண்ட்கோமரி அசைத்தது மேலுதட்டை. மூக்கு அதனுடன் சேர்ந்து துடித்தது, அவ்வளவுதான். அவருக்கு இயல்பாகவே இருந்த அந்தப் பழக்கத்தைக் கவனித்து மந்திரக் குறியாக்கியவர், தொடரின் பெரும்பகுதியை இயக்கிய அவருடைய கணவர் வில்லியம் ஆஷர். சலங்கை சிதறுவது போன்ற ஓசையை அதன்மேல் சேர்த்தார்கள்.

மற்ற மாயங்கள் விட்டலாச்சார்யா படங்களைக் கூடாரக் கொட்டகையில் பார்த்த தலைமுறைக்கு விளங்கக்கூடியவையே. கேமராவை நிறுத்துவார்கள்; நடிகர்கள் நின்ற நிலையிலேயே சிலையாக நிற்பார்கள்; உதவியாளர்கள் ஓடிவந்து சிதறிக் கிடந்த சமையலறையைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போவார்கள்; கேமரா மீண்டும் ஓடும். திரையில் ஒரு நொடி, படப்பிடிப்பில் நெடுநேரம். உயர்த்திய கையைச் சற்றும் தாழ்த்தாமல் சமந்தா நின்றாக வேண்டும் என்பதை நினைத்துப்பாருங்கள். மிதந்துவரும் பொருள்கள் மெல்லிய கம்பியில் தொங்கின. முதல் இரண்டு ஆண்டுகள் தொடர் கறுப்பு வெள்ளையில் வந்தது. 1966இல் வண்ணத்துக்கு மாறியது. கம்பிகளை மறைக்கக் கறுப்பு வெள்ளையே உதவியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். இப்போது கணினியில் கட்டிய மாயத்தைவிட இது ஏன் பிடிக்கிறது என்று கேட்டால், மாயம் சின்னதாக இருப்பதுதான். மலையைப் பெயர்க்க வல்லவள் கழுவாத பாத்திரத்தைக் கழுவுகிறாள்.

கேள்வி (ஒரு வாசகர், பாறசாலை): நடுவில் கணவரே மாறிவிடுகிறாரே! யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

பதில்: நம் தொடர்களாக இருந்தால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அட்டையாவது காட்டியிருப்பார்கள். முதல் டாரினாக நடித்த டிக் யார்க், முன்பு ஒரு திரைப்படப் படப்பிடிப்பில் முதுகில் பட்ட அடியோடு ஆண்டுக்கணக்காக நடித்துவந்தவர். 1969இல் படப்பிடிப்புத் தளத்திலேயே சரிந்து விழுந்தார். அதன் பிறகு திரும்பி வரவில்லை. அதே ஆண்டின் புதிய பருவத்தில் டிக் சார்ஜென்ட் டாரினாக வந்து நின்றார். சமந்தாவும் எண்டோராவும் எதுவும் நடக்காதது போல் பேசினார்கள். முதலாமவரின் பதற்றம் எனக்குப் பிடிக்கும். இரண்டாமவரிடம் எரிச்சலே மிகுதி. ஆனால் இரண்டாமவரின் சொந்த வாழ்க்கை இந்தத் தொடரோடு வேறு விதத்தில் ஒட்டுகிறது. தாம் ஒருபாலீர்ப்பு உடையவர் என்பதை நெடுங்காலம் மறைத்து வாழ்ந்த அவர் 1991இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த பெருமித அணிவகுப்பில் அவரும் எலிசபெத் மாண்ட்கோமரியும் முன்னணி விருந்தினர்களாகச் சேர்ந்து சென்றார்கள். வீட்டுக்குள் ஒருவராகவும் வெளியில் வேறொருவராகவும் வாழ நேர்ந்தவர்கள் சமந்தாவைத் தங்களில் ஒருத்தியாகக் கருதியதில் வியப்பில்லை.

கேள்வி (ஒரு வாசகி, நாகர்கோவில்): ஜீனியா, சமந்தாவா? உங்கள் வாக்கு யாருக்கு?

பதில்: சமந்தாவுக்கு. 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' 1965இல் என்.பி.சி.யில் தொடங்கி 139 பகுதிகள் வந்தது. உருவாக்கியவர் பிற்காலத்தில் நாவல்களால் புகழடைந்த சிட்னி ஷெல்டன். பார்பரா ஈடனின் துள்ளல் அழகுதான். ஆனால் ஜீனி குப்பியில் அடைபட்டவள், விண்வெளி வீரனை 'எஜமானே' என்று அழைப்பவள். சமந்தாவை யாரும் குப்பியில் அடைக்கவில்லை. அவள் தானாக வந்தாள், எழுந்து போக நினைத்தால் போகலாம். போகாமல் இருப்பதில்தான் கதை இருக்கிறது.

கேள்வி (ஓர் ஆசிரியர், செங்கோட்டை): வெறும் சிரிப்புத் தொடர்தானே? சமூகத்தைப் பற்றி ஏதாவது பேசியதுண்டா?

பதில்: ஆசிரியரான உங்களுக்கு ஏற்ற விடை ஒன்று இருக்கிறது. 1970 டிசம்பர் 24 அன்று ஒளிபரப்பான 'சிஸ்டர்ஸ் அட் ஹார்ட்' என்ற பகுதியின் கதையை லாஸ் ஏஞ்சலிஸின் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த 26 மாணவர்கள் எழுதினார்கள். சமந்தாவின் மகள் தபிதாவும் அவளுடைய கறுப்பினத் தோழி லிசாவும் சகோதரிகளாக இருக்க ஆசைப்படுகிறார்கள். தபிதாவின் மந்திரத்தால் ஒருத்தி மேனியில் கறுப்புப் புள்ளிகளும் மற்றவள் மேனியில் வெள்ளைப் புள்ளிகளும் தோன்றுகின்றன. டாரின் கறுப்பினப் பெண்ணை மணந்திருப்பதாகத் தவறாக எண்ணி அவனை ஒதுக்கும் வாடிக்கையாளர் ஒருவரும் உண்டு. சமந்தா மூக்கை அசைத்ததும், அவர் கண்ணுக்கு எல்லாரும் கறுப்பராகத் தெரியத் தொடங்குகிறார்கள். இன்றைய கண்ணுக்கு அதன் ஒப்பனை உறுத்தலாம். ஆனாலும் அந்தப் பகுதிக்கு எம்மி விழாவில் தனிச் சிறப்பு விருது கிடைத்தது. மற்றபடி, பெண் வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போவது பற்றி இத்தொடர் பெரிதாகக் கவலைப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவனின் விளம்பர வாசகங்களைப் பலமுறை சரிசெய்து தருபவளே சமந்தாதான், சம்பளம் கணவனுக்கு.

கேள்வி (ஒரு மாணவி, மார்த்தாண்டம்): சமந்தாவுக்குச் சேலத்தில் சிலை இருப்பதாகப் படித்தேன். நம் சேலமா?

பதில்: மாம்பழச் சேலம் இல்லை, மகளே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1692இல் மந்திரக்காரிகள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒருவரைக் கல்லேற்றிக் கொன்ற ஊர் அது. 1970இல் இத்தொடரின் சில பகுதிகளை அங்கே எடுத்தார்கள். 2005இல் துடைப்பத்தின்மேல் பிறைநிலவின் முன் அமர்ந்த சமந்தாவின் வெண்கலச் சிலையை நிறுவியபோது, செத்தவர்களைக் கேலி செய்வதாகும் என்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆயினும் சிலை நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாலக்காடு மலம்புழாவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த யட்சிக்கும் இப்படித்தான் எதிர்ப்பு கிளம்பியது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பார்த்து வா. சமந்தாவின் சிலை ஏறத்தாழ ஒன்பது அடி. நம்மவள் உட்கார்ந்த நிலையிலேயே முப்பது அடி.