மூன்றே ஆட்டம் ஆடியவர்

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு தனியார் லீக் கூடைப்பந்து அணியில் சேர்ந்தான். சில வாரங்களிலேயே அனுப்பிவிட்டார்கள். உயரம் குறைவு என்று ஒதுக்கிவிட்டார்கள் என என் கணவர் தினமும் கொதிக்கிறார். அவனோ பந்தைத் தொடுவதே இல்லை. என்ன செய்வது? – ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகனுக்கு வாட் மிசாக்கா என்ற கூடைப்பந்து வீரரைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தால் கணவர் காதிலும் போட்டு வையுங்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் ஊரில் 1923-இல் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை. கடைக்குக் கீழே இருந்த நிலவறையில்தான் குடித்தனம். மிசாக்காவுக்கு 15 வயதானபோது அப்பா இறந்துபோக, அம்மாவே கத்தரியைக் கையில் எடுத்தார். பையன் வளர்ந்தது 5 அடி 7 அங்குலம்தான்.

1944-இல் அவர் ஆடிய யூட்டா பல்கலைக்கழக அணி டார்ட்மவுத் கல்லூரி அணியை 42-40 என்று வென்று தேசியக் கல்லூரிக் கோப்பையைத் தூக்கியது. அப்போது ஜப்பானோடு போர் நடந்ததால் மேற்குக் கடற்கரை ஜப்பானிய அமெரிக்கர்கள் குடும்பம் குடும்பமாக முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். அதில் ஒரு முகாம் யூட்டாவிலேயே இருந்தது. கோப்பை வாங்கிய கையோடு ராணுவம். போர் முடிந்ததும் ஹிரோஷிமாவுக்குப் போய், குண்டுக்குத் தப்பியவர்களிடம் பேசி விவரம் எடுக்கும் வேலை. அந்த வயதில் அதையெல்லாம் கேட்டவருக்கு, பின்னாளில் ஒரு அணி தன்னை வேண்டாம் என்றது எவ்வளவு பெரிதாகப் பட்டிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

திரும்பி வந்து 1947-இல் மறுபடியும் ஆடினார். நியூயார்க்கில் நடந்த என்ஐடி என்ற இன்னொரு கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தை 49-45 என்று வென்றார்கள். எதிரணி நட்சத்திரம் ரால்ஃப் பியர்டை ஒரே ஒரு புள்ளியோடு மடக்கியவர் இவர்தான். அப்புறம் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்த அணி ஆடிய லீக்தான் பின்னாளில் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆனது; அதில் வெள்ளையர் அல்லாத முதல் வீரர். ஆடியது 3 ஆட்டம், எடுத்தது 7 புள்ளி. அவ்வளவுதான், அனுப்பிவிட்டார்கள்.

இனப் பாகுபாடா என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம், அணியில் கார்ட் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) இடத்துக்கு ஆட்கள் அதிகம், அதுதான் காரணம் என்றே சொன்னார். எனக்கு அதை முழுசாக நம்ப முடியவில்லை. ஆனால் ஆடியவர் அவர். காரணம் இன்னது என்று சொல்கிற உரிமையும் அவருக்குத்தான். உங்கள் வீட்டில் அந்த உரிமையை மகனிடமிருந்து அப்பா பிடுங்கிக்கொண்டிருக்கிறார். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

வேடிக்கை ஆட்டத்துக்குப் பேர்போன ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் மிசாக்காவைக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. ஊர் திரும்பி இன்ஜினியரிங் பட்டத்தை முடித்து, சால்ட் லேக் சிட்டியில் பொறியாளராக வேலை பார்த்தார். 2019-இல், 95 வயதில் காலமானார்.

உங்கள் மகனுக்கும் பாதிப் படிப்பு காத்திருக்கிறது. இடையில் விட்டவர்களை மறுபடி சேர்க்கக் கல்லூரிகளில் வழியும் கெடுவும் உண்டு. இந்த வாரமே அவனே போய் விசாரிக்கட்டும். நீங்கள் துணைக்குப் போங்கள், பேச வேண்டாம். தன்னிடம் என்ன குறை என்று கோச்சிடம் கேட்க அவன் விரும்பினால் ஒரு போன் போடட்டும். விருப்பமில்லையா, விடுங்கள். சொந்தக்காரர்கள் துருவினால் "படிக்கப் போகிறான்" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை வேண்டுமானால் அவன் சொல்லிக்கொள்வான்.