பழைய பெட்ரோல் கார் டிராஃபிக்ல நின்னா ஹீட் ஆகுது, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மாத்தியும் சரியாகல, அடுத்து என்ன பாக்கணும்?

நீங்க சொன்னதை ஒரு தடவ திருப்பிச் சொல்றேன், ஏன்னா பாதி பதில் அதுலயே இருக்கு. 20 வருஷம் ஆன வண்டி, சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுது, ஏசி போட்டா இன்னும் சீக்கிரமா ஏறுது, வண்டி நகர ஆரம்பிச்சதும் தானா இறங்கிடுது, வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் தண்ணி ஊத்த வேண்டியிருக்கு. மெக்கானிக் முதல்ல தெர்மோஸ்டாட், அதாவது தண்ணி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடற வால்வு, அதை மாத்தினார், அப்புறம் பம்ப், கடைசில தெர்மோஸ்டாட்டையே கழட்டி எறிஞ்சுட்டு இப்ப ரேடியேட்டர் புதுசு போடச் சொல்றார். கொஞ்சம் பொறுங்க, ரேடியேட்டர் இப்ப வாங்காதீங்க.

ஹீட் ஆகுதுன்னு சொன்ன உடனே எந்த பார்ட் போச்சுன்னு யோசிக்கறதுதான் பெரும்பாலானவங்க பண்றது, ஆனா எப்போ ஹீட் ஆகுதுன்னு கேட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். நிக்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினா அது காத்து பிரச்சனை, அதாவது ஃபேன் இல்லன்னா ரேடியேட்டர் முன்னாடி அடைப்பு. ஊருக்குள்ள நல்லா இருந்து ஹைவேல வேகமா போனாலோ ஏத்தத்துல ஏறினாலோ ஹீட் ஆனா அது தண்ணி ஓட்டம், உள்ள அடைச்ச ரேடியேட்டர், தேஞ்ச பம்ப், உறிஞ்சும்போது சப்பிப் போற கீழ் ஹோஸ் இந்த மாதிரி. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு பத்து நிமிஷத்துலயே எந்த வேகத்துல போனாலும் சிவப்புக்குப் போனா தெர்மோஸ்டாட் மூடியே மாட்டிக்கிச்சு இல்ல தண்ணியே இல்ல. உங்களோடது முதல் வகை, அதனால பம்பு மாத்தினதே தேவையில்லாத செலவுன்னுதான் எனக்குத் தோணுது, சரி அது போனது போகட்டும்.

ஃபேன்ல இருந்து ஆரம்பிங்க. எலக்ட்ரிக் ஃபேன்தான்னு வச்சுக்கறேன். இன்ஜின் ஆன் பண்ணி ஏசியைப் போடுங்க, நிறைய வண்டில ஏசி போட்டதும் ஃபேன் சுத்தணும். அப்புறம் ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஐடில்லயே விட்டு முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் தானா வருதான்னு பாருங்க, பொதுவா 90-க்கும் 100 டிகிரிக்கும் நடுவுல எங்கயோ வந்துடும். ஏசிக்கு வருது ஆனா சூட்டுக்கு வரலன்னா ஃபேன் சுவிட்ச் இல்ல சென்சார். ரெண்டுக்கும் வரலன்னா ஃபியூஸ், ரிலே, கடைசியா மோட்டார், மோட்டார் கனெக்டரைக் கழட்டி பேட்டரில இருந்து நேரடியா வயர் குடுத்தா உண்மை தெரிஞ்சிடும். ஆனா பழைய வண்டில என்ன சிக்கல்னா மோட்டார் செத்துப் போகாது, சோம்பேறி ஆகிடும், பிரஷ் தேஞ்சு மெதுவா சுத்தும், எட்டிப் பாத்தா ஃபேன் ஓடுதேன்னு விட்டுடுவோம். அதுக்கு ஒரு பேப்பரை கிரில் முன்னாடி பிடிங்க. ரேடியேட்டருக்குப் பின்னாடி ஃபேன் இருக்கற வண்டினா பேப்பரை உள்ள இழுத்து ஒட்ட வைக்கணும். ஒட்டாம வழுக்கி விழுந்தா காத்து பத்தல. பேப்பரை வெளிய தள்ளினா ஃபேன் தலைகீழா சுத்துது, யாரோ வயரிங் வேலை பாக்கும்போது பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்திருக்காங்க, சிரிக்காதீங்க, இது நடக்கும். இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் ஃபேன் திடீர்னு சுத்த ஆரம்பிக்கும், விரலை உள்ள விடாதீங்க.

ஃபேன் ஓகேன்னா அடுத்தது யாரும் பாக்காத இடம், ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டர் முன்னாடி இருக்கற ஏசியோட ஜாலி) ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கற சந்து. முன்னாடி நின்னு பாத்தா கண்டன்சர் சுத்தமா தெரியும், வாட்டர் வாஷ்ல தினம் தண்ணி அடிச்சிருப்பாங்க, ஆனா அந்த தண்ணி தூசியை எல்லாம் உள்ள தள்ளி ரேடியேட்டர் முகத்துல அப்பி வச்சிருக்கும். ஒரு ஃப்ரெண்டோட வண்டில மேல் பிராக்கெட்டைக் கழட்டி ரேடியேட்டரை பின்னாடி சாய்ச்சு டார்ச் அடிச்சோம், முடி, பூச்சி, காஞ்ச இலை, ஆயில் பட்ட மண்ணு எல்லாம் சேந்து விரல் கனத்துக்கு ஒரே படலம், கையால பிடிச்சு இழுத்தா துண்டு துண்டா உரிஞ்சு வந்துது, அதுக்குப் பின்னாடி ரேடியேட்டரோட ஃபின்ஸ், அந்த மெல்லிசு தகடுங்க, புதுசு மாதிரி பளபளன்னு இருந்துது. காத்து போற வழியே அதுதான். சுத்தம் பண்ணும்போது தண்ணியை பின்னாடி இருந்து முன்னாடி அடிங்க, பிரஷர் கம்மியா வைங்க, ஃபின்ஸ் மடங்கிடும். ஃபேனைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கூடு உடைஞ்சோ காணாமயோ போயிருந்தா அதையும் போடுங்க, அது இல்லன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம பக்கத்துல இருக்கற சூடு காத்தையே சுத்தி சுத்தி விடும்.

இப்ப தெர்மோஸ்டாட்டைக் கழட்டினதுக்கு வரேன், எனக்கு கோவம் வர்ற விஷயம் இது. நிறைய இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கும், வால்வு திறக்கும்போது அந்த தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும், அப்பதான் தண்ணி முழுசா ரேடியேட்டருக்குப் போகும். கழட்டிட்டா பைபாஸ் திறந்தே கிடக்கும், சூடான தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம குறுக்கு வழில திரும்ப இன்ஜினுக்குள்ள வந்துடும், ஹீட் குறையறதுக்குப் பதிலா ஏறவும் செய்யும். தண்ணி வேகமா ஓடுறதால ஆற நேரம் கிடைக்கலன்னு சில பேர் விளக்கம் சொல்வாங்க, அது சரியில்ல, காரணம் இந்த பைபாஸ்தான். இன்னொரு பக்கம் ஹைவேல இன்ஜின் சூடே ஆகாம பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் அதிகம். வண்டிக்கு உண்டான டிகிரில, பல வண்டிக்கு 82 இல்ல 88, நல்லது ஒண்ணு வாங்கி திரும்பப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணி சூடு பண்ணி அதுல நூல் கட்டித் தொங்க விட்டு திறக்குதான்னு பாத்துக்கங்க, புதுசுலயும் டூப்ளிகேட் வருது.

அடுத்து அந்த வாரா வாரம் குறையற தண்ணி. இது தனிக் கதை, ஃபேன் சரியானாலும் இது நிக்கணும். சொட்டு எங்கயும் தெரியலன்னா முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி மேலதான். குக்கர் வெயிட் மாதிரிதான் அது வேலை செய்யுது, மேல 0.9 இல்ல 1.1னு பார் கணக்கு போட்டிருக்கும், அந்த பிரஷர் நின்னாதான் தண்ணி 120 டிகிரி பக்கம் வரைக்கும் கொதிக்காம இருக்கும், ரப்பர் வெடிச்சு ஸ்பிரிங் தளந்துட்டா 100-லயே கொதிச்சு ஓவர்ஃப்ளோ வழியா வெளிய போயிடும். வண்டி ஆறினதும் மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிக் கிடந்தா மூடியோட சின்ன வால்வு மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், ஓவர்ஃப்ளோ பாட்டில்ல இருந்து தண்ணி திரும்ப வரல. இருக்கறதுலயே விலை கம்மியான பார்ட் இதுதான், ஆனா கடைசியாத்தான் மாத்துவாங்க, ஏன்னு தெரியல. சூடா இருக்கும்போது மட்டும் திறக்கவே திறக்காதீங்க, மூஞ்சில அடிக்கும்.

மூடி மாத்தியும் குறைஞ்சா பிரஷர் டெஸ்டர் போட்டு பம்ப் பண்ணச் சொல்லுங்க, ஆறின இன்ஜின்லயே லீக் எங்கன்னு காட்டும். முன் சீட் கார்ப்பெட் ஈரமா, கண்ணாடில எண்ணெய் மாதிரி பனி படியுதா, இனிப்பு வாசனை வருதான்னும் பாருங்க, அப்படின்னா டாஷ்போர்டுக்குள்ள இருக்கற ஹீட்டர் கோர் லீக். எதுலயும் மாட்டலன்னாதான் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல். அதுக்கு காலைல இன்ஜின் முழுசா ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க, தண்ணி இன்னும் சூடே ஆகல, அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா சிலிண்டர்ல இருந்து கேஸ் உள்ள வருது. உறுதிப்படுத்த நீல கலர் கெமிக்கல் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ரேடியேட்டர் வாயில வச்சு காத்தை அது வழியா இழுத்தா எரிஞ்ச கேஸ் இருந்தா பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளா மாறும். ஆயில் மூடில வெள்ளையா இருக்குன்னு மட்டும் வச்சு கேஸ்கெட் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கிட்டத்துலயே ஓடற வண்டில ஈரம் படிஞ்சும் அப்படி வரும்.

தண்ணிக்குப் பதிலா கூலண்ட் ஊத்துங்க, டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி. ஊத்தினதும் முன்பக்கம் கொஞ்சம் மேடா நிறுத்தி ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வச்சு மூடி திறந்தபடியே ஐடில்ல விட்டு ஏர் லாக், அதாவது உள்ள மாட்டின காத்தை, எடுத்துடுங்க, இதை விட்டுட்டு திரும்ப ஹீட் ஆகுதுன்னு வர்றவங்க ஏராளம்.

இதெல்லாம் முடியற வரைக்கும் டிராஃபிக்ல முள் ஏறினா ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டரை ஃபுல்லா போட்டு புளோயரை வேகமா வைங்க, வேர்த்துக் கொட்டும், ஆனா அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பைத் தொட்டா ஓரங்கட்டி ஆஃப், குளிர்ந்த தண்ணியை சூடான இன்ஜின் மேல ஊத்த வேண்டாம், அலுமினிய ஹெட் வளைஞ்சாலோ விரிசல் விட்டாலோ செலவு பல மடங்கு. முள் திடீர்னு ஜீரோவுக்கு விழுந்தாலும் ஆறிடுச்சுன்னு ஓட்டாதீங்க, தண்ணி சுத்தமா போய் சென்சார் காத்துல நின்னா சில வண்டில அப்படித்தான் காட்டும்.